ஈட்டிக்காரன் வீட்டுப் பூனை

தைரியநாதனுக்குக் கோபம் வரும் என்று யாராவது சொன்னால் சூசைப்பட்டியில் சிரிப்பார்கள். அது எப்போது போயிற்று, புதிதாக வருவதற்கு? வண்டி மாடு படுத்துக்கொண்டால் மாட்டோடு சண்டை. கமலைக் கயிறு அறுந்தால் கயிற்றோடு சண்டை. மழை பெய்யாவிட்டால் அண்ணாந்து பார்த்து மேகத்தையும் நாலு வார்த்தை கேட்பான். அப்படிப்பட்ட மனுஷன் அந்த வருஷம் பாஸ்காவில் சேசுநாதராகச் சிலுவையில் தொங்கப்போகிறான் என்று கோயிலைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் மரியசெல்வம் அங்கே அறிவித்தபோது, முழங்காலில் இருந்த சனங்களில் பாதிப் பேர் முந்தானையாலும் துண்டாலும் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

சூசைப்பட்டி ஆவூர்ப் பங்கைச் சேர்ந்த சின்ன ஊர். செம்மண் மேடு, கடலைக் காடு, வருஷத்தில் பாதி நாள் காய்ந்து கிடக்கும் ஒரு கம்மாய், ஓட்டுக் கூரை போட்ட ஒரு கோயில். பெரிய வெள்ளிக்கிழமை மத்தியானம் கோயிலுக்கு முன்னால் இருக்கும் பொட்டலில் ஆண்டவர் பாடுபட்ட கதையை ஊர்க்காரர்களே வேஷம் கட்டி நடிப்பார்கள், அதுதான் பாஸ்கா. யூதாஸாகவும் பிலாத்தாகவும் யார் வேண்டுமானாலும் நடிக்கலாம். சிலுவையில் தொங்குகிறவனுக்கு மட்டும் நோன்பு உண்டு. தபசு காலம் தொடங்கும் விபூதிப் புதனிலிருந்து அவன் வீட்டில் கறி, மீன் ஆகாது. யாரையும் ஏசக்கூடாது. எந்த உயிரையும் கொல்லக்கூடாது, எறும்பாக இருந்தாலும் சரி. அவனுக்கு மட்டுமல்ல, அவனோடு ஒரே அடுப்பில் சாப்பிடுகிறவர்களுக்கும் அதே கட்டு. யாரும் வேவு பார்க்கமாட்டார்கள். நோன்பு முறிந்தால் அவனே ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலுக்கு வந்து உபதேசியாரிடம் சொல்லிவிட வேண்டும். வேஷம் வரிசையில் அடுத்து நிற்கிறவனுக்குப் போய்விடும்.

அடுத்து நின்றவன் வேறு யாருமில்லை, தைரியநாதனின் மனைவி சந்தனமேரிக்கு உடன்பிறந்த தம்பி ஆரோக்கியமுத்து. அவன் தினமும் காலையில் வந்து, "என்ன மச்சான், இன்னும் ஒருத்தரையும் வையலையா?" என்று விசாரித்துவிட்டுப் போவான். அவனை வையாமல் அனுப்புவதுதான் தைரியநாதனுக்குப் பெரிய தபசாக இருந்தது.

இவ்வளவு பாடுபட்டு அவன் ஏன் இந்த வேஷத்துக்கு நின்றான் என்றால், அது ஒரு நேர்த்திக்கடன். ஆறு வருஷத்துக்கு முன்னால் சந்தனமேரிக்குக் குறைப்பிரசவமாகி, உதிரம் நிற்காமல் போய், மாட்டு வண்டியில் போட்டு மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஒரு கன்னியாஸ்திரி அம்மாள் அவளுடைய கீழுதட்டை விரலால் இழுத்துப் பார்த்தார். உள்ளே வடித்த கஞ்சி மாதிரி வெளுத்துக் கிடந்தது. அந்த அம்மாள் உதட்டை விட்டுவிட்டு வேகமாக நடந்தார். தைரியநாதன் இரும்புக் கட்டிலின் கால்மாட்டில் நின்றபடியே, "இவளைக் குடுத்துரு. ஒரு வருசம் ஒன் சிலுவைய நான் சொமக்கிறேன்" என்று வேண்டிக்கொண்டான். பிள்ளை பிழைக்கவில்லை. அவள் பிழைத்தாள்.

சிலுவை வேஷத்துக்கு ஊரில் எப்போதும் ஆள் வரிசையில் நிற்கும். தன் முறை வரும்வரை அவன் வருஷா வருஷம் ஈட்டிக்காரனாக நின்றான். செத்துப்போன ஆண்டவரின் விலாவில் ஈட்டியால் குத்துகிற சேவகன் வேஷம். அதற்கு நோன்பு கிடையாது, அவன் முகமே போதும் என்று ஊரில் சொல்வார்கள். ஆனால் உள்ளுக்குள் அவனுக்கு ஒரு பயம் இருந்துகொண்டே இருந்தது. வேண்டிக்கொண்டதைச் செலுத்தாவிட்டால், கொடுத்தவர் திரும்ப எடுத்துக்கொள்வாரோ? காலையில் எழுந்ததும் முதல் வேலையாக, தூங்குகிற மனைவியின் உதட்டு நிறத்தைப் பார்ப்பான். அவளுக்குத் தெரியாமல்தான் பார்த்தான், அப்படி அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

பாஸ்கா உடுப்புகள் இருக்கும் பெரிய மரப்பெட்டி, தொங்குகிறவன் வீட்டில்தான் அந்த நாற்பது நாளும் இருக்கும். சந்தனமேரி ஒருநாள் உடுப்புகளை வெயிலில் உலர்த்தி மடித்து வைத்துவிட்டு, காற்றாடட்டும் என்று மூடியைத் திறந்து விட்டிருந்தாள். மறுநாள் காலையில் பார்த்தால், ஆண்டவருடைய ஊதா அங்கியின்மேல் ஒரு பட்டைக்கோட்டுப் பூனை நாலு குட்டி போட்டுவிட்டுப் படுத்திருக்கிறது. அது யார் வீட்டுப் பூனை என்று கேட்டால் அந்தத் தெருவில் எல்லோரும் பக்கத்து வீட்டைக் காட்டுவார்கள்.

வேறு வருஷமாக இருந்தால் தைரியநாதன் பெட்டியோடு தூக்கி வாசலில் கவிழ்த்திருப்பான். கையை ஓங்கிவிட்டான். பிறகு நினைவு வந்து, அந்தக் கையாலேயே தலையைச் சொறிந்துகொண்டு, பல்லைக் கடித்தபடி, "நல்லாப் பெத்துக்கிட்டியா, ஆத்தா? சொகமா இரு" என்றான்.

சந்தனமேரிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அதுகிட்ட என்னாங்க மரியாதை?" என்றாள்.

"இந்த நாப்பது நாளும் எல்லார்கிட்டயும் மரியாதைதான். ஒன் தம்பிகிட்டயே நான் மரியாதையாப் பேசறேன்ல?"

குட்டிகளை ஒரு கூடையில் எடுத்து அடுப்படி மூலையில் வைத்தாள். தாய்ப்பூனை ஒவ்வொன்றாகக் கழுத்தைக் கவ்விக்கொண்டு வந்து மறுபடியும் பெட்டிக்குள்ளேயே போட்டது. சரி, உனக்குத்தான் பெட்டி என்று உடுப்புகளை வெளியே எடுத்துவிட்டு, உள்ளே ஒரு சாக்கை விரித்துக் கொடுத்தாள். நாலைந்து நாள் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று.

அதன்பிறகு தைரியநாதனுக்குக் கணுக்காலில் கடித்தது. பிறகு முழங்காலில். பிறகு இடுப்பில், வேட்டிக் கட்டுக்கு உள்ளே. செபம் சொல்ல முழங்காலில் நின்றால் அந்த நேரம் பார்த்துக் கடிக்கும். கொசு என்று நினைத்தான். சந்தனமேரிதான் ஒரு குட்டியைத் தூக்கி வயிற்று மயிரை ஊதிப் பார்த்துவிட்டு, "அய்யோ, தெள்ளு!" என்றாள். கேழ்வரகைச் சிந்திவிட்டதைப் போல், அந்த மெல்லிய மயிருக்குள்ளே தெள்ளுப்பூச்சி குறுக்கும் நெடுக்குமாக ஓடிக்கொண்டிருந்தது. தாய்க்கும் அப்படித்தான். குட்டிகள் பால் குடிக்கும்போதே அது பாதியில் எழுந்து பின்னங்காலால் கழுத்தைச் சொறியும். வாயில் காம்பு நழுவிய குட்டிகள் கண்ணும் திறக்காமல் சாக்கில் தலையை முட்டி முட்டித் தேடும்.

வேறு எந்த வீடாக இருந்தாலும் பிடித்து நசுக்கிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். இந்த வீட்டில் எறும்பைக்கூட ஒதுக்கிவிட்டுத்தான் நடக்க வேண்டும்!

"கொல்லாம எடுத்துருவோம்" என்றான் தைரியநாதன்.

சந்தனமேரி தன்னுடைய மரப் பேன்சீப்பால் குட்டிகளை வாரினாள். சீப்பில் அகப்பட்டதை வெள்ளைத் துணியில் தட்டி, சட்டென்று மடித்துக் கொடுப்பாள். அவன் அதைத் தூக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகக் கம்மாய்க்குப் போய், காய்ந்த கரம்பை மண்ணில் உதறிவிட்டு வருவான். காலையும் மாலையும் இதே வேலை. கம்மாய்க்குள் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியண்ணன் இரண்டு நாள் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் கேட்டேவிட்டார்.

"என்னப்பா தைரியம், மழையும் இல்ல மாரியும் இல்ல, கம்மாய்க்குள்ள எள்ளா வெதைக்கிற?"

"எள்ளு இல்லண்ணே, தெள்ளு" என்று சொல்லி, நோன்பைப் பற்றியும் விளக்கினான். சொல்லிக்கொண்டே அவனுக்கு ஒரு யோசனை. பெரியண்ணன் முனியனைக் கும்பிடுகிறவர், அவருக்கு இந்தக் கட்டெல்லாம் இல்லையே. "அண்ணே, நீங்க வந்து ஒரு நாளு இதுகளப் புடிச்சு நசுக்கிக் குடுக்கக் கூடாதா?"

பெரியண்ணன் கம்பை ஊன்றிக்கொண்டு சிரிசிரியென்று சிரித்தார். "நல்லாருக்கே! ஒங்க சாமிக்கு ஆகாத பாவத்த என் தலையில கட்டுறியா? போப்பா, போயி ஒன் பண்டத்த அங்கிட்டு தள்ளி உதறு. என் ஆட்டுல ஏறிறப் போவுது" என்றார்.

உதறியதில் பாதி கம்மாயில் இறங்கவே இல்லை. அவன் வேட்டி மடிப்பில் ஏறிக்கொண்டு, அவனோடேயே வீட்டுக்குத் திரும்பி வந்தது.

ஆரோக்கியமுத்து இதையெல்லாம் கேள்விப்பட்டு, மறுநாள் ஒரு காகிதப் பொட்டலத்தோடு வந்தான். அப்போதுதான் மலேரியாவுக்காக வீடு வீடாக மருந்தடிக்கத் தொடங்கியிருந்தார்கள். எவனையோ பிடித்து அந்த வெள்ளைப் பவுடரில் ஒரு கை வாங்கியிருந்தான்.

"குட்டி மேல தூவி விடுங்க மச்சான். நீங்களா கொல்றீங்க? பவுடருதானே கொல்லுது? நோன்புக்கு ஒரு கொறையும் இல்ல" என்றான்.

சும்மா சொல்லக்கூடாது, தைரியநாதனுக்கு ஆசை வந்துவிட்டது. பொட்டலத்தைப் பிரிக்கவும் பிரித்துவிட்டான். சந்தனமேரி வந்து அவன் கையைப் பிடித்தாள்.

"கொஞ்சம் இருங்க. அங்கிட்டு பாருங்க" என்றாள்.

பெட்டிக்குள் தாய்ப்பூனை ஒரு குட்டியைக் காலால் அமுக்கிவைத்து, தலையிலிருந்து வால்வரை நக்கிக்கொண்டிருந்தது. ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததை இழுத்தது.

"நாளு முச்சூடும் இதே சோலிதான் அதுக்கு. குட்டி மேல நீங்க எதப் பூசுனாலும் தாய் வயித்துக்குத்தான் போகும். தாய்கிட்டேருந்து பாலாத் திரும்பிக் குட்டிக்குப் போகும். மேலத் தெருவுல மருந்தடிச்ச அன்னைக்குச் சொவத்துல ஒரசிட்டு வந்து ஒடம்ப நக்குன பூனை, வெட்டி வெட்டி இழுத்துச் செத்துச்சு. நான் கண்ணால பாத்தேன்."

"அப்ப மண்ணெண்ணெய்?" என்றான் ஆரோக்கியமுத்து.

"ஒன் தலையில ஊத்திக்க!" என்றாள் அக்கா. சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டு, "ஏசல, தம்பி. சும்மா சொன்னேன்" என்றாள். நோன்பு அவளுக்கும்தானே.

அந்த வாரக் கடைசியில் எல்லாவற்றிலும் சின்னக் குட்டி செத்துப்போயிற்று. காலையில் பார்த்தபோது மற்ற மூன்றும் பால் குடித்துக்கொண்டிருந்தன, அது ஒதுங்கிக் குளிர்ந்து கிடந்தது. தாய் அதை இன்னும் நக்கிக்கொண்டிருந்தது. தைரியநாதன் முருங்கை மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்தான். உள்ளங்கையில் வைத்தபோது அது ஒரு காய்ந்த இலை கனம்கூட இல்லை. மண்ணைத் தள்ளி மூடிய பிறகும் அங்கேயே குந்தியிருந்தான். பூனைக்குட்டிக்குப் போய் இப்படி உட்கார்ந்திருக்கிறோமே என்று அவனுக்கே வெட்கமாகவும் இருந்தது.

கையைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தபோது சந்தனமேரி, "ஏங்க, இங்கிட்டு வாங்களேன்" என்றாள்.

அவள் மடியில் இன்னொரு குட்டி கிடந்தது. சுண்டுவிரல் நுனியால் அதன் உதட்டை மெதுவாக விலக்கிக் காட்டினாள். உள்ளே ஈறும் உதடும் வெள்ளை வெளேரென்று இருந்தன. வடித்த கஞ்சியின் நிறம்.

"ரத்தமே இல்லைங்க. பூராத்தையும் குடிச்சிருச்சு. நாளைக்கு இது போகும், நாளான்னிக்கு அடுத்தது."

அவன் அந்த நிறத்தை இதற்குமுன் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருந்தான். இரும்புக் கட்டிலும், கன்னியாஸ்திரி அம்மாளின் விரலும், அவர் நடந்த வேகமும் கண்முன் வந்தன. அப்படியே சுவரோடு உட்கார்ந்தான்.

"நான் ஒண்ணும் செய்யச் சொல்லல" என்றாள் அவள். "நேர்த்தி எனக்காக வச்சது. அத ஒடைங்கன்னு நான் எந்த வாயால சொல்லுவேன்? ஆனா இத இப்படியே பாத்துக்கிட்டுக் கெடக்கவும் முடியல."

அவன் எழுந்து கொல்லைப்புறம் போய் ஆட்டுரல்மேல் உட்கார்ந்தான். ஒரு பக்கம் ஆறு வருஷம் காத்திருந்த வேஷம். அது வேஷம்கூட இல்லை, அவள் உயிருக்கு அவன் கொடுத்த வாக்கு. வாக்கை முறித்து, அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? மறுபக்கம் முருங்கை மரத்தடியில் ஈரம் காயாத மண். கொல்லாதே, கொல்லாதே என்று கையைக் கட்டிக்கொண்டிருந்தானே, அந்தக் குட்டி எப்படிச் செத்தது? அவன் கண்முன்னால், அவன் வீட்டுப் பெட்டிக்குள், அவன் சும்மா இருந்ததால் செத்தது. தெள்ளைக் காப்பாற்றிக் குட்டியைக் கொன்றிருக்கிறான். இதற்குப் பெயர் நோன்பா?

மூன்று வாரமாக அடக்கிவைத்த கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. மச்சினன்மேல் வந்த கோபம், மாட்டின்மேல் வந்த கோபம், வேட்டிக்குள் கடித்ததற்கு வந்த கோபம் எல்லாம் சேர்ந்து வந்தது.

"மேரி! வெந்நி போடு!" என்று கத்திக்கொண்டே உள்ளே வந்தான்.

"எதுக்குங்க?"

"போடு புள்ள. கை பொறுக்குற சூட்டுல போதும். சவுக்காரக் கட்டி எங்க இருக்கு?"

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் எழுந்துபோய் அடுப்பை மூட்டினாள்.

இருவரும் உட்கார்ந்து வேலையைத் தொடங்கினார்கள். ஒரு நேரத்தில் ஒரு குட்டி மட்டும். மற்றவை தாயின் வயிற்றிலேயே கிடக்கட்டும், இல்லாவிட்டால் அது பதறிவிடும். சந்தனமேரி முதலில் குட்டியின் கழுத்தைச் சுற்றி விரலால் நுரையைத் தடவினாள். தண்ணீர் பட்டதும் தெள்ளு தலையைப் பார்த்து ஓடும், நுரையில் சிக்கிக்கொள்ளும். பிறகு கழுத்துவரை வெந்நீரில் அமிழ்த்தி, மறு தண்ணீரில் அலசி, உடனே பழைய வேட்டியில் சுற்றி அடுப்பின் அனலில் வைத்துத் துவட்டினாள். இவ்வளவு சின்னதுக்குச் சளி பிடித்தால் அதுவே எமன். ஈரம் போனதும் தைரியநாதன் பேன்சீப்பை வாங்கி வாரினான். சீப்பில் முதல் தெள்ளு அகப்பட்டது.

எடுத்து, கட்டைவிரல் நகத்தின்மேல் வைத்தான். மற்றக் கட்டைவிரல் நகத்தை வைத்து அழுத்தினான். டக்கென்று ஒரு சின்னச் சத்தம். ஆறு வருஷம் காத்திருந்தது அந்தச் சத்தத்தோடு போயிற்று.

சந்தனமேரி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். தைரியநாதன் அழவில்லை. இரண்டாவதையும் நசுக்கினான். மூன்றாவதிலிருந்து அவனுக்கு ருசி தட்டிவிட்டது. "வாடி என் ராசாத்தி! குடிச்சியா ரத்தம்? இந்தா குடி! ஒன் அப்பன் எங்க, அவனையும் வரச் சொல்லு!" என்று அடைத்துவைத்திருந்த வசவையெல்லாம் அவிழ்த்துவிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்து நசுக்கினான். அழுதுகொண்டிருந்தவள் அந்தப் பெயர்களைக் கேட்டு முந்தானைக்குள்ளேயே சிரித்தாள்.

தாய்ப்பூனை குளிக்கச் சம்மதிக்குமா? பாலும் சோறும் பிசைந்து முன்னால் வைத்து, அது தின்னும்போதே கழுத்தையும் வாலடியையும் வாரினார்கள். பழைய சாக்கை எரித்தார்கள். பெட்டியைக் கொதிக்கிற தண்ணீர் ஊற்றிக் கழுவி வெயிலில் கவிழ்த்தார்கள். வீட்டைப் பெருக்கி மூலை முடுக்கெல்லாம் சாணி போட்டு மெழுகினாள். பாஸ்கா உடுப்புகளையும் வெந்நீரில் அலசிப் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஆவூர்ப் பங்குச் சாமியார் சைக்கிளில் ஏறிப் போனபிறகு, தைரியநாதன் கோயில் வாசலில் உபதேசியார் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். ஆரோக்கியமுத்து கொஞ்சம் தள்ளி, காதை நீட்டிக்கொண்டு நின்றான்.

"உசுரக் கொன்னுட்டேங்க" என்றான்.

உபதேசியாருக்குத் தூக்கிவாரிப்போட்டது. "யாரையப்பா?"

"தெள்ளுப்பூச்சிங்க. நெறையா."

எல்லாவற்றையும் சொன்னான். உபதேசியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு, "இது குட்டிகளக் காப்பாத்தச் செஞ்சது. உசுரு கொல்லுற கணக்குல இதச் சேக்கணுமான்னு எனக்கே தோணலப்பா. நீ பாட்டுக்கு நோன்ப நடத்து" என்றார்.

அந்த நிமிஷம் சரி என்று தலையாட்டியிருந்தால் யாரும் ஒன்றும் சொல்லியிருக்கமாட்டார்கள். தைரியநாதனும் ஆட்டத்தான் நினைத்தான். ஆனால் தலை ஆடவில்லை.

"இல்லைங்க. மொதல் ஒண்ணு ரெண்டு, குட்டிக்காகத்தான் கொன்னேன். அப்பறம் கொன்னது எனக்காக. அம்புட்டு சந்தோசமா இருந்துச்சுங்க. வாய்க்கு வந்தபடி ஏசிக்கிட்டே கொன்னேன். அந்தக் கைய விரிச்சுக்கிட்டு நான் சிலுவையில நின்னா பொருந்தாதுங்க" என்றான்.

உபதேசியார் ஆரோக்கியமுத்து பக்கம் திரும்பினார். அவன் முகத்தில் சந்தோஷத்தைக் காணோம். இன்றிலிருந்து கருவாடு இல்லை என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது போலிருந்தது.

மறுநாள் தைரியநாதன் விடிவதற்குள் எழுந்து சந்தனமேரியின் உதட்டைப் பார்த்தான். அதற்கு அடுத்த நாளும் பார்த்தான். பயம் முன்னைவிட அதிகமாயிருந்தது. ஆனாலும் பல் தேய்த்த கையோடு பேன்சீப்பைத் தேடி எடுத்தான். முட்டையிலிருந்து பொரிந்து பொரிந்து வருமே, விட்டால் பழைய கதைதான். தினமும் சீப்பு, தினமும் துணியைக் கொதிக்கவைத்து மாற்றுவது என்று புருஷனும் பெண்சாதியும் மாறி மாறிப் பார்த்தார்கள். தாய் இப்போது பாதியில் எழுந்திருக்காமல் படுத்துப் பால் கொடுத்தது. மூன்று குட்டிகளும் கண்ணைத் திறந்து, பெட்டியின் விளிம்பில் ஏறி விழுந்து எழுந்தன.

பெரிய வெள்ளிக்கிழமை வந்தது. பொட்டல் நிறைய சனம், சுற்றுப்பட்டிலிருந்தெல்லாம் வண்டி கட்டி வந்திருந்தார்கள். ஆரோக்கியமுத்து, கருவாட்டை மறந்து இளைத்துப்போய், ஒட்டுத்தாடியோடு நிஜமாகவே பரிதாபமாக இருந்தான். சிலுவையில் கால்வைக்க ஒரு கட்டை உண்டு. கைகளைத் துணியால் கட்டிவிட்டார்கள், இடுப்பில் ஒரு வெள்ளைத் துணி. கீழே தைரியநாதன் பழைய வேஷத்துக்கே திரும்பி, தன் சிவப்பு வெல்வெட்டுச் சட்டையில், ஈட்டியோடு நின்றான். வெல்வெட்டை மட்டும் வெந்நீரில் போட முடியாது என்று சந்தனமேரி வெயிலில் உலர்த்தியதோடு விட்டிருந்தாள். அதுதான் வினை.

ஆண்டவர் சிலுவையில் சொன்ன வாக்கியங்களையெல்லாம் சொல்லி, "எல்லாம் முடிந்தது" என்று ஆரோக்கியமுத்து தலையைச் சாய்த்தான். பெண்கள் ஒப்பாரியெடுத்து அழுதார்கள். சரியாக அந்த நேரத்தில், தைரியநாதனின் தோளிலிருந்து ஏதோ ஒன்று துள்ளியது. நிமிர்ந்து பார்த்தான். மச்சினனின் வலது விலாவில் ஒரு கரும்புள்ளி. பூனைக்குட்டியிடம் கற்றுக்கொண்ட கண், தப்புமா? தெள்ளு ஓர் இடத்தில் கடித்தது. இரண்டு விரற்கடை தள்ளிப் போய் மறுபடியும் கடித்தது. செத்துப்போன ஆண்டவரின் வயிறு வெட்டி வெட்டி இழுத்தது. மூடிய இமைக்குள் கண் உருண்டது. ஒரு மயிர் அசைந்தாலும் மொத்தப் பாஸ்காவும் கெட்டது, சனமெல்லாம் சிரித்துவிடும். கையோ கட்டியிருக்கிறது.

ஆறு வருஷமாக இந்த இடத்தில் தைரியநாதன் ஒரே குத்தாகக் குத்திவிட்டு விலகிவிடுவான். இந்த வருஷம் ஈட்டியை மெதுவாக உயர்த்தினான். மர நுனியை மச்சினனின் விலாவில் வைத்து, கீழிருந்து மேலாகச் சொறிந்தான். பிறகு மேலிருந்து கீழாக. நன்றாக அழுத்தி, நிதானமாக, கடித்த இடம் ஒன்று விடாமல் சொறிந்தான். ஆரோக்கியமுத்துவின் வயிறு அடங்கியது. மூடிய கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் வழிந்தது.

"அடப் பாவி, செத்தவரப் போட்டு இந்தக் கொடை கொடையுறானே! ஒன் கை வெளங்குமாடா?" என்று கூட்டத்தில் ஒரு கிழவி மண்ணை வாரி அவன்மேல் வீசினாள். சனம் மொத்தமும் மாரில் அடித்துக்கொண்டு அழுதது. சூசைப்பட்டிப் பாஸ்காவில் அப்படி ஓர் அழுகையை யாரும் கேட்டதில்லை.

படுதாவுக்குப் பின்னால் இறக்கிவிட்டதும் ஆரோக்கியமுத்து ஓடிவந்து அவனைக் கட்டிக்கொண்டான். "மச்சான், உசுரே போயிருச்சு மச்சான்!"

"அதான் போயிருச்சே, தலைய சாச்சியே."

"இன்னும் கொஞ்சம் மேலன்னு சொல்லணும் போல இருந்துச்சு. செத்தவன் எப்படிச் சொல்றது? நீங்களா வந்தீங்க பாருங்க, கரெக்டா!" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்தத் தெள்ளு என்னாச்சு? கொன்னுட்டீங்களா?" என்று கேட்டான்.

"ஒன் நோன்பு முடியலேல்ல? தட்டிவிட்டுட்டேன். எங்கிட்டாவது போயிருக்கும்" என்றான் தைரியநாதன்.

உயிர்த்த ஞாயிறன்று விடிந்ததும் ஊர் முழுக்கக் கறி வாசனை. தைரியநாதன் அடுப்படியில் குந்தி, ஒரு குட்டியைத் தூக்கி அதன் உதட்டை விரலால் விலக்கிப் பார்த்தான். உள்ளே செக்கச்செவேலென்று இருந்தது. குட்டி அவன் விரலை நறுக்கென்று கடித்தது. அடுத்ததைத் தூக்கினான். அதுவும் அப்படித்தான். மூன்றாவதையும் பார்த்துவிட்டுத் தலையை நிமிர்த்தினான். அடுப்புக்கு எதிரே சந்தனமேரி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குட்டியெல்லாம் பாத்தாச்சா?" என்றாள்.

"ஆச்சு."

"அப்ப இங்கிட்டு பாருங்க." அவள் அவன் முன்னால் வந்து உட்கார்ந்து, இரண்டு விரலால் தன் கீழுதட்டை இழுத்துக் காட்டினாள். "ஆறு வருசமா விடியக்காலம் திருட்டுத்தனமாப் பாக்குறீங்களே, எனக்குத் தெரியாதா? வெளிச்சத்துல பாத்துக்கங்க. செவப்பா இருக்கா, இல்லையா?"

அவன் பார்த்தான். நன்றாகக் கிட்டே குனிந்து பார்த்தான். சிவப்பாகத்தான் இருந்தது.

"இருக்கு" என்றான்.

"அப்பறம் என்ன? எந்திரிச்சு அந்த அம்மியக் கழுவுங்க. மசாலா அரைக்கணும்."

தைரியநாதன் குட்டியை இறக்கிவிட்டு, அம்மி முன்னால் போய் உட்கார்ந்து, துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவள் மிளகாயை இன்னும் எடுத்துவைக்கவே இல்லை.